முகத்துவாரத்தில் பாய்மரப் படகு: என்ன தெரிந்தால் என்ன செய்வது

புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுக வாய் வழியாகச் சின்னப் பாய்மரப் படகில் போய்வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆறு கடலில் சேருகிற இடத்தில் கல் கொட்டிக் கட்டிய துறைமுகம் எதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கடலூர், தேங்காய்ப்பட்டணம், கேரளத்தின் முதலப்பொழி எல்லாம் அந்த வகைதான். தேங்காய்ப்பட்டணத்திலும் முதலப்பொழியிலும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்த செய்தியை மழைக்காலம்தோறும் படிக்கிறோம். அவர்கள் கடல் தெரியாதவர்கள் அல்ல. பிறந்ததிலிருந்து அதே வாயில் போய்வந்தவர்கள்.

எண்கள் எல்லாம் 26 அடி நீளமும், தண்ணீருக்குக் கீழே 1.2 மீட்டர் இறங்கும் கீலும் (படகின் அடியில் நீண்டிருக்கும் கனமான பகுதி), இன்ஜினில் அதிகபட்சம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகமும் உள்ள படகுக்குச் சொன்னவை. உங்கள் படகுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாயில் தண்ணீருக்கடியில் மேடாகச் சேர்ந்திருக்கும் மணல் திட்டுக்கு நான் இப்போது வெளியே இருக்கிறேனா, திட்டின் மேலேயே இருக்கிறேனா? வெளியே என்றால் ஆழமான தண்ணீர் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, திரும்பிப் போகலாம். மேலே என்றால் சுக்கான், த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இரண்டைத் தவிர வேறு எதிலும் கை வைக்க நேரம் கிடைக்காது. அதனால் கீழே சொல்கிற மருந்துகளில் பாதிக்கு மேல் வெளியே இருக்கும்போதே போட வேண்டியவை.

வெளியே இருந்து பார்த்தால் வாய் அமைதியாகத் தெரிகிறது

என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. கடலில் இருந்து பார்க்கும்போது அலையின் முதுகுதான் நமக்குத் தெரியும். முதுகு எப்போதும் வழவழப்பாக இருக்கும். உடைகிற முகம் கரையைப் பார்த்து நிற்கிறது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு வெள்ளை வெளேர் என்று தெரிகிற திட்டு, 300 மீட்டர் வெளியே இருக்கிற நமக்குச் சாம்பல் நிறத் தண்ணீராகத்தான் தெரியும்.

அதனால் உடனே நுழைய வேண்டாம். வாய்க்கு நேரே வெளியே, ஆழமான இடத்தில் படகை நிறுத்தி இருபது நிமிடம் பாருங்கள். அலை ஒரே அளவில் வருவதில்லை. சின்ன அலைகள் பல போனபின் பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் அடங்கும். ஒருமுறை என் படகில் ஒரு வயதான மீனவர் வந்திருந்தார். வாயைப் பார்க்கவே இல்லை அவர். தடுப்புச் சுவரின் நுனிக் கல்லையே பார்த்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "என்னண்ணே எண்றீங்க?" என்றேன். "கல்லு நனையறதத்தான். மேல் கல்லு நனைஞ்சா பெரிய அலை. அது எத்தனாவது வருதுன்னு பார்க்கறேன்" என்றார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அலையின் உயரத்தைக் கடலில் இருந்து கண்ணால் மதிப்பிடுவது கடினம். கல் எந்த வரிசை வரை நனைகிறது என்று பார்ப்பது சுலபம்.

முடிந்தால் கரையில் இருக்கிற ஒருவருக்குப் போன் செய்து, சுவர் மேல் நின்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த உதவிக்கு ஈடான கருவி கிடையாது.

முன்னறிவிப்பையும் சரியாகப் படிக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தை வெளியிடுகிறது. அந்த எண் எல்லா அலைகளின் உயரமும் அல்ல, பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1.2 மீட்டர் என்று போட்டிருந்தால் 2 மீட்டரைத் தாண்டும் ஓர் அலையும் நடுவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தோடு நொடிக்கணக்கையும் பாருங்கள். தூரத்தில் எங்கோ வீசிய புயலில் பிறந்து 14, 15 நொடி இடைவெளியில் வருகிற அலை, ஆழ்கடலில் படகைத் தாலாட்டிவிட்டுப் போய்விடும். திட்டில் ஏறும்போது அதுதான் எழுந்து நிற்கும். உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் இப்படி வரும். 'கள்ளக்கடல்' என்று தென்கோடி மீனவர்கள் சொல்வது இதைத்தான். இன்காய்ஸ் எச்சரிக்கையிலும் அதே பெயர்தான் வருகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் வாய்ப் பக்கமே போகாதீர்கள்.

காற்று இல்லை, ஆனால் வாயில் அலை குத்தாக நிற்கிறது

உள்ளே இருந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது. எதிர் ஓட்டத்தில் மாட்டும் அலை நீளத்தில் சுருங்கி உயரத்தில் வளரும். ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி, நகராமல் நிற்பதுபோல் இருக்கும்.

மருந்து காத்திருப்பதுதான். கடல் ஏற்றம் தொடங்கி, தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தால் அதே அலை நீண்டு படுத்துவிடும். ஆனால் நம் கிழக்குக் கரையில் ஒரு விஷயம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால், அந்தச் சின்ன ஏற்றத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. நாள்கணக்கில் ஓட்டம் வெளியேதான் இருக்கும். அதே பருவத்தில் வாடைக்காற்று அலையை வடகிழக்கிலிருந்து வாய்க்குள் தள்ளும். வாய்க்கு வெளியே கடல் செம்மண் நிறத்தில், விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தால் ஏற்ற வற்ற நேரம் சொல்லும் ஓத அட்டவணையை மூடி வைத்துவிடுங்கள். அன்றைக்கு அது உதவாது.

ஆழமானி போன மாதத்து எண்ணைக் காட்டவில்லை

ஆழமானி பழுதாகவில்லை, திட்டு நகர்ந்திருக்கிறது. தேங்காய்த்திட்டு வாயின் இரண்டு கல் சுவர்களும் 1980களின் கடைசியில் கட்டியவை. நம் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வருகிறது. கணக்கு முடிக்கும்போது வடக்கே போவதுதான் அதிகம். சுவர் அதை மறிப்பதால் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகிறது, வடக்கே கரை அரிக்கிறது. தெற்கே இடம் நிரம்பியதும் மணல் சுவரின் நுனியைச் சுற்றி வாய்க்குள் நாக்கு நீட்டுகிறது. அதனால்தான் எத்தனை முறை தூர்வாரினாலும் வாய் மறுபடி தூர்ந்துபோகிறது.

ஆக, ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்த பழைய பாதையை நம்பி நுழையாதீர்கள். வரைபடத்தில் அச்சிட்ட ஆழத்தையும் வாய்க்குள் நம்பாதீர்கள். அன்றைக்குக் காலை வெளியே வந்த விசைப்படகுக்காரரைக் கேளுங்கள். விசைப்படகின் அடிப்பாகமும் ஆழமாக இறங்குவது என்பதால் அவர் போகும் தடம் நமக்கும் சரிப்படும். ஃபைபர் படகு போகும் தடம் சரிப்படாது. அது முழங்கால் தண்ணீரிலும் போய்விடும்.

எவ்வளவு ஆழம் வேண்டும்? என் கணக்கு இது: கீல் 1.2 மீட்டர். அலையின் பள்ளத்தில் படகு இறங்கும் அளவுக்காக அலை உயரத்தில் பாதி. அதற்குமேல் குறைந்தது அரை மீட்டர். 1 மீட்டர் அலையில் இது 2.2 மீட்டர் ஆகிறது. இது கீல் தட்டாமல் இருக்கத்தான். அலை உடையாமல் இருக்க வேறு கணக்கு. ஆழம் அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறைந்தால் அலை உடையும். 1.5 மீட்டர் அலை 2 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். இரண்டு கணக்கில் எது பெரிய எண்ணோ அதை எடுத்து, மனதுக்கு நிம்மதி தரும் அளவுக்கு மேலே கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்ஜின் இருமுகிறது

பெரும்பாலும் டீசலில் இருக்கும் அழுக்கு. அமைதியான தண்ணீரில் டேங்கின் அடியில் படிந்து கிடந்தது, படகு குதிக்கும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் டீசல் அலம்பி, குழாய்க்குள் காற்றும் போகும். அதாவது, ஒரு மாதமாக நன்றாக ஓடிய இன்ஜின் திட்டின் மேல்தான் நிற்கும். காரணமே படகின் ஆட்டம்தான்.

வெளியே இருந்தால்: ஃபில்டரின் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் தண்ணீர் முத்துப்போல் நின்றால் வடித்துவிடுங்கள். புது ஃபில்டர் போட்டு, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி, அலையில் படகு ஆடும்படி பதினைந்து நிமிடம் முக்கால் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் இருமாமல் ஓடினால்தான் வாய்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

திட்டின் மேல் இருந்தால்: கீழே இறங்கி இன்ஜினைப் பார்க்க ஆளை அனுப்பாதீர்கள். பாயில் போங்கள். அதற்காகத்தான் நுழைவதற்கு முன்பே முன்பாய் பாதி விரிந்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்ஜின் ஓடுகிறது என்று பாயைச் சுருட்டி உறை போட்டுவிட்டு வாயில் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நங்கூரமும் கட்டு அவிழ்த்து, கயிறு சிக்கலின்றித் தயாராக இருக்கட்டும். அலை உடையும் இடத்தில் அது பிடிக்காமலும் போகலாம். ஆனால் கல் சுவரை நோக்கிப் படகு ஒதுங்கும்போது வேறு எதுவும் மிச்சம் இருக்காது.

இன்ஜின் ஒரு நொடி அலறுகிறது, மறுநொடி அமுங்குகிறது

பின்புறம் தூக்கும்போது ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றுகிறது. அவுட்போர்டு (பின்புறத்தில் வெளியே தொங்கும் இன்ஜின்) மாட்டிய படகில் இது சகஜம். முன்புறம் உட்கார்ந்திருப்பவர்களைப் பின்னால் வரச் சொல்லுங்கள். பின்புறம் எழும்போது த்ராட்டிலைக் குறைத்து, இறங்கியதும் கூட்டுங்கள்.

அலறாமல், சூடேறிய எச்சரிக்கை மணி அடித்தால் அது வேறு: கடல்நீர் எடுக்கும் துளையில் பாலித்தீன் பை அல்லது மணல். திட்டுக்கு வெளியே இருந்தால் நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். திட்டின் மேல் இருந்தால் மணி அடிக்கட்டும், தாண்டும்வரை ஓட்டுங்கள். இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம்.

படகின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்குகிறது, சுக்கான் லேசாகிவிட்டது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாய்மரப் படகு கவிழ்வது இந்த இடத்தில்தான்.

வேகமான இன்ஜின் மாட்டிய படகுக்காரர் செய்வது என்ன? ஓர் அலையின் முதுகில் ஏறி, அதே வேகத்தில் அதன் பின்னாலேயே உள்ளே வந்துவிடுவார். அவர் சொல்லும் யோசனையைக் கேட்டு நாம் அப்படிச் செய்ய முடியாது. 3 மீட்டர் ஆழத்தில் அலை சுமார் 10 நாட் வேகத்தில் ஓடுகிறது. 2 மீட்டரிலும் எட்டரை நாட். நம் படகு 6 நாட். ஆகவே ஒவ்வோர் அலையும் நம்மைப் பின்னாலிருந்து பிடித்து, தூக்கி, தாண்டிப் போகும். இதை ஏற்றுக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

அலையின் உச்சியில் இருக்கும் தண்ணீர் முன்னோக்கி ஓடுகிறது. படகும் முன்னோக்கி ஓடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம் ஆகும்போது சுக்கானைத் தாண்டி ஓடும் தண்ணீரே இல்லை. கையில் சுக்கான் லேசாவது அதனால்தான். அந்த நேரத்தில் பின்புறத்தை அலை முன்னே தள்ள, முன்புறம் பள்ளத்தில் புதைந்து நிற்க, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே நின்ற படகின் மேல் அடுத்த அலை உடைந்தால் பாய்மரம் தண்ணீருக்குள் போகும்.

செய்ய வேண்டியது:

லேசாகும் முதல் நொடியிலேயே, படகின் மூக்கு அலை ஓடும் திசையை நேராகப் பார்க்கும்படி பெரிதாகச் சுக்கானைத் திருப்புங்கள். திரும்ப ஆரம்பித்தபின் திருத்துவது கடினம். அதே சமயம் த்ராட்டிலை ஒரு தள்ளு. ப்ரொப்பெல்லர் சுக்கானுக்கு முன்னால் இருந்தால் அந்தத் தண்ணீர் சுக்கானுக்கு உயிர் கொடுக்கும். ஆட்கள் எல்லாரும் பின்பக்கம் இருக்க வேண்டும்.

பெரிய பாய் மேலே இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அது பின்புறத்தைத் தள்ளி, படகைக் காற்றுப் பக்கம் திருப்பும். திட்டின் மேல் பூம் (பெரிய பாயின் அடிக்கட்டை) மறுபக்கம் அடித்துத் திரும்பினால் தலையும் போகும், மரமும் போகும். காற்று பின்னால் இருந்தால் பெரிய பாயை வெளியேயே இறக்கிக் கட்டிவிட்டு, சின்ன முன்பாயோடு வருவதுதான் என் வழக்கம். முன்பாய் படகை மூக்கால் இழுக்கும், பின்புறம் தானாகப் பின்னால் வரும்.

இன்னொரு பழைய வழி, படகின் வேகத்தைக் குறைப்பது. கனமான 50 மீட்டர் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பின்புறத்து இரண்டு மூலைகளில் கட்டி, நடுப்பகுதியைத் தண்ணீரில் வளையமாக விட்டு இழுத்து வருவது. பின்புறத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும், அலை அடியில் ஓடிவிடும். எனக்கு இது பிடிக்கும். ஆனால் வெளியேயே போட்டு, ப்ரொப்பெல்லருக்குத் தள்ளிப் போகிறதா என்று பார்த்துவிட்டு நுழைய வேண்டும். திட்டின் மேல் நின்று கயிற்றை எடுத்து வீசக் கூடாது. கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றினால் அதோடு இன்ஜினும் போய்விடும்.

பின்னால் ஓர் அலை சுருண்டு வருகிறது

சுக்கான் பிடித்தவர் திரும்பிப் பார்க்க வேண்டாம். பின்னால் பார்ப்பதற்கென்று ஒருவர் இருக்கட்டும், அவர் "இப்போ" என்று மட்டும் சொல்லட்டும். திரும்பி எதிர்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம், பாதியில் குறுக்கே மாட்டுவீர்கள். பின்புறம் நேராக, கீழ் அறைக் கதவுப் பலகைகள் முழுதும் மூடி, எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டோடும் கட்டுக் கயிறு படகில் மாட்டியும் இருந்தால், ஓர் அலை உட்காரும் இடத்தை நிரப்பினாலும் வடிந்துவிடும். பலகை திறந்திருந்தால் அதே தண்ணீர் கீழே போகும்.

உள்ளே விழுந்த தண்ணீரைக் கவனியுங்கள். ஒருமுறை அலை அடித்து ஓய்ந்தபின் காலடியில் தண்ணீர் வடிந்த இடத்தில் கோதுமை நிறத்தில் மெல்லிய மணல் படிந்திருந்தது. ஆழமானி அப்போதும் 3 மீட்டர் காட்டியது. நுரையில் ஆழமானி பிதற்றும், மணல் பொய் சொல்லாது. அலை அடிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவருகிறது என்றால், இருக்க வேண்டிய தடத்தில் நீங்கள் இல்லை. ஓட்டம் படகைத் தெற்கே உள்ள மணல் நாக்குப் பக்கம் ஒதுக்கியிருந்தது. வடக்குச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, அலைக்குக் குறுக்கே போகாமல் சாய்த்து வந்தேன்.

அடியில் "டம்" என்று தட்டுகிறது

ஒருமுறை தட்டினால் இன்ஜினைக் குறைக்காதீர்கள். பள்ளத்தில் தட்டியது, அடுத்த அலை தூக்கும். தூக்கும்போது முழு வேகம் கொடுத்து ஆழமான பக்கம் போக வேண்டும். எல்லாரையும் ஒரே பக்கம் உட்கார வைத்தால் படகு சாய்ந்து கீல் கொஞ்சம் மேலே வரும்.

நின்றேவிட்டால் உடனே அழையுங்கள்: விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல், போனில் கடலோரக் காவல்படையின் 1554. படகு சிதறாதவரை படகிலேயே இருங்கள். கரை 50 மீட்டர்தானே என்று குதிக்காதீர்கள். நீந்துகிறவரை ஓட்டம் கல் சுவருக்கோ, வெளியேயோ இழுத்துப் போகும்.

சுவருக்குப் பக்கத்தில் அலை தாறுமாறாகக் குதிக்கிறது, காற்று செத்துவிட்டது

கல்லில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து கூம்புபோல் எழும்புகிறது. சுவரின் மறைவில் காற்றும் அறுந்துபோகும். நடுவில் இருங்கள். பாயை மட்டும் நம்பி இரு சுவர்களுக்கு நடுவே வராதீர்கள்.

வெளியே போகும்போது மூக்கு எகிறி அறைகிறது

வேகம் அதிகம். அலையை ஏறும்வரை வேகம் வேண்டும், உச்சிக்குச் சற்று முன்பு குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் படகு மறுபக்கம் பறந்து விழும். நேர் மூக்காக இல்லாமல் லேசாகச் சாய்த்து ஏறினால் அறைவது குறையும். மாறாக, படகு முழுதும் நின்றுவிட்டால் அலை பின்னுக்குத் தள்ளும், அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். தொடங்கியபின் பாதியில் திரும்பாதீர்கள். உள்ளே அமைதியான தண்ணீரில் நின்று பெரிய அலைகள் போகக் காத்திருந்து, அவை போனதும் கிளம்புங்கள். வெளியே போவது கட்டாயம் இல்லாத வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆள் விழுந்துவிட்டார்

எழுதவே கை வரவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அலை உடையும் இடத்தில் படகைத் திருப்பினால் மீதி பேரும் தண்ணீரில்தான். மிதவையை வீசுங்கள், ஒருவர் அவரையே விரலால் சுட்டிக்கொண்டு இருக்கட்டும், 16ஆம் சேனலில் கத்துங்கள், பக்கத்தில் ஃபைபர் படகு இருந்தால் துணியை வீசிக் கூப்பிடுங்கள். அந்தப் படகால் அங்கே திரும்ப முடியும், நம்மால் முடியாது. இதனால்தான் கட்டுக் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் வாய்க்கு அரை மைல் முன்பே மாட்டப்பட வேண்டும்.

நுழைய முடியாது என்று தெரிந்துவிட்டது

சரி, வெளியே போங்கள். ஆழமான தண்ணீரில் பாயைச் சுருக்கி, முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, படகைக் காற்றுப் பக்கம் திருப்பும்படி சுக்கானைப் பூட்டினால் படகு தானாக அடங்கி மிதக்கும். சமைக்கலாம், முறை வைத்துத் தூங்கலாம். கடலூருக்குப் போகலாமே என்று தோன்றும். அங்கேயும் ஆற்று வாய்தான், அதே அலைதான். சென்னைத் துறைமுகம் ஆழமானது, ஆனால் சுமார் 75 கடல் மைல், 5 நாட் வேகத்தில் 15 மணி நேரம். ஆகவே தண்ணீர், சோறு, டீசல் ஒரு நாளுக்கு அதிகமாக இல்லாமல் புதுச்சேரியிலிருந்து கிளம்பாதீர்கள். கையிருப்பு தீர்ந்த படகுதான் இருட்டில் வாய்க்குள் நுழையப் பார்க்கும். இருட்டில் கல் நனைவது தெரியாது, நுரையும் தெரியாது. விடியட்டும். கரையில் காத்திருப்பவர்களுக்கு மட்டும் "நாளைக் காலைதான் வருவோம்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதறிப் போன் செய்துகொண்டே இருந்தால் உங்களுக்கும் அவசரம் தொற்றிக்கொள்ளும்.

உள்ளே வந்தாகிவிட்டது

படகின் அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா பாருங்கள். கீல் தட்டியிருந்தால் அதைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். அப்புறம் நோட்டில் தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, அலை எவ்வளவு, எந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வந்தீர்கள், குறைந்த ஆழம் எவ்வளவு என்று கை காய்வதற்குள் எழுதுங்கள். வெளியே போகத் தயாராக நிற்கிற படகுக்காரர் யாராவது இருந்தால், நோட்டை மூடும் முன் அந்த ஆழத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள்.